ஒரு சிப்பாயின் விலை

சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64 இருப்பினும், ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை நடுவிலுள்ள நான்கே. நடுவைத் தன்வயப்படுத்தியவனின் காய்கள் எப்பக்கமும் விரைந்து செல்லும். மற்றவனின் காய்களோ ஒன்றையொன்று மறித்து நிற்கும். அந்நடுவைத் தொடக்கத்திலேயே கைப்பற்ற முனையும் ஆட்டமுறைகளுள் ஒன்று ‘எவன்ஸ் காம்பிட்’. வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்பார் 1820களில் இதனை வகுத்தார்.

நம் பள்ளியில் மாணவர்க்கு இதனைக் கற்பித்த ஒரு மாலையில், மகனை அழைத்துச் செல்ல வந்த தந்தையொருவர் பலகையருகே நின்றார். இரு தரப்பாரும் அரசன் முன்னுள்ள சிப்பாயை நகர்த்தி, குதிரை ஒன்றையும் அமைச்சர் ஒருவரையும் வெளிக்கொணர்ந்திருந்தனர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய அவர் மகன், நான்காம் நகர்த்தலில், அரசிப் பக்கத்துக் குதிரையின் முன் நின்ற சிப்பாயை எதிரியின் அமைச்சர் வெட்டுமிடத்தில் வைத்தான். அதுவும் வெட்டப்பட்டது.

“கையில் உள்ளதைச் சும்மா கொடுக்கிறானே ஐயா, இதுவும் ஓர் ஆட்டமா?” என வினவினார் தந்தை.

கேள்வி நியாயமானதே. “அடுத்த சிப்பாய் அந்த அமைச்சரைத் தாக்கும், அவர் விலகுவார். அதற்குள் அரசியின் முன்னுள்ள சிப்பாய் நடுவிற்குப் பாயும். கொடுத்தது ஒரு சிப்பாய், பெற்றது நேரம்,” என்றோம். 1995இல் ரீகா நகரில் காஸ்பரோவ் இம்முறையைக் கையாண்டு, சென்னையின் விசுவநாதன் ஆனந்தை 25 நகர்த்தல்களில் வென்றதையும் கூறினோம்.

ஆயினும், அன்று சிறுவன் தோற்றான். நடுவைப் பிடித்தபின், ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்தி மூன்று வாய்ப்புகளை வீணாக்கினான். எதிரே ஆடிய மாணவியோ, பெற்ற சிப்பாயைத் தக்க தருணத்தில் திருப்பிக் கொடுத்துத் தன் காய்களுக்கு வழி திறந்தாள். உலக வெற்றிவீரர் இமானுவல் லாஸ்கர் கண்ட தற்காப்பின் உயிர்நாடியும் அதுவே.

மகனைக் கடிந்துகொள்வார் என எண்ணினோம். அவரோ, “கொடுத்தது பிழையில்லை, கொடுத்தபின் சும்மா இருந்ததுதான் பிழை. அப்படித்தானே ஐயா?” என்றார். பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய கைகள் மகனின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டன. நான்கு நகர்த்தல்களை மனப்பாடம் செய்வித்த நாம், அதன்பின் விரையவேண்டிய காரணத்தைச் சரிவர உணர்த்தவில்லை. குறை நம்முடையதே.

மாணவச் செல்வங்களே! உங்கள் கல்விக்காகப் பெற்றோர் ஓய்வையும் உறக்கத்தையும் ஈந்துள்ளனர். அதனால் கிடைத்த நேரம் இப்பொழுது உங்கள் கையில் உள்ளது. ஓரத்துச் சிப்பாயை நகர்த்தி அதனை வீணாக்காதீர்!