தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு கேம் சேவர்: என்ன தேவை, நான் எங்கே பிழை விட்டேன்



போன கிழமை நான் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இன்பொக்ஸுக்கு வந்து கேட்டீர்கள். நெடுந்தீவின் மாவலி இறங்குதுறையைப் பிள்ளைகள் கேமுக்குள் கட்டியிருந்த படம் அது. "சேர், இதை எங்கட ஸ்கூலிலும் செய்யலாமா? என்னென்ன வேணும்?" என்று கேட்டவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பெற்றோரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. இங்கேயே எழுதி விடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் எந்த கேம் என்று சொல்லி விடுகிறேன். லுவாண்டி. 2024 ஒக்டோபர் வரை இதன் பெயர் மைன்டெஸ்ட். 2010இல் பின்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கியது. மைன்கிராஃப்ட் மாதிரியே கட்டி கட்டியாக அடுக்கி ஊரே கட்டலாம். இதைத் தெரிந்தெடுக்கக் காரணம் காசுதான். மைன்கிராஃப்ட் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு கட்டி ஒரு கணக்கு வாங்க வேண்டும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையிடம் அதைக் கேட்க முடியாது. லுவாண்டி இலவசம். பழைய கம்பியூட்டரிலும் ஓடும், சாதாரண அன்ட்ரொயிட் போனிலும் ஓடும்.

ஆரம்பத்தில் பாடசாலையின் கம்பியூட்டர் அறையில் ஒரு பழைய பெட்டிக்கு லினக்ஸ் போட்டு அதையே சேவர் ஆக்கினேன். மற்றப் பெட்டிகள் அதே அறையில் வயரில் இணைந்திருந்தன. இண்டர்நெட்டே தேவைப்படவில்லை. தகவல் தொழினுட்பப் பாடத்தில் "வலையமைப்பு" என்று கரும்பலகையில் படம் கீறி விளக்கியதை விட, ஒருவன் வைத்த கல்லை மற்றவன் உடைத்த அந்த ஒரு பாடவேளையில் பிள்ளைகளுக்கு அதிகம் விளங்கியது.

பிரச்சினை பிறகுதான் வந்தது. சாதாரண தரம் முடிய உயர்தரத்துக்கென்று பிள்ளைகள் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். சில குடும்பங்கள் முழுதாகவே போய்விடும். போன பிள்ளைகள் "சேர், நாங்களும் உள்ளுக்கு வரேலாதா?" என்று போன் எடுத்தார்கள். அறைக்குள் இருக்கும் சேவருக்குள் வெளியில் இருந்து எப்படி வருவது?

பாடசாலையிலோ வீட்டிலோ பெட்டியை வைத்து வெளியில் திறந்து விடலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முயற்சி செய்தேன். இரண்டு காரணத்தால் சரிவரவில்லை. ஒன்று மின்சாரம். நெடுந்தீவு தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்படாத தீவு. நான் முயற்சி செய்த நேரம் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. கரண்ட் போனால் யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். இரண்டாவது, நாங்கள் பாவிக்கும் 4ஜி ரவுட்டருக்குச் சொந்தமாக ஒரு பொது ஐபி முகவரி கிடையாது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கு போடுகிறார்கள். கடிதம் அனுப்பலாம். ஆனால் வெளியில் இருந்து வரும் கடிதத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை. ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் பலன் இல்லை.

ஆகவே சேவர் வெளியில் இருக்க வேண்டும், நாங்கள் தூரத்தில் இருந்து அதை நடத்த வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறிய நேரம் அதைப் பற்றி நினைக்கவும் முடியவில்லை. 2023இல்தான் தொடங்கினேன். தேவையானவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. வாடகை சேவர். விபிஎஸ் என்பார்கள். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு கோர், 1 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க் போதும். லுவாண்டி சேவரின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. அதனால் நான்கு மெதுவான கோரை விட ஒரு வேகமான கோர் நல்லது. மாதம் ஐந்து ஆறு டொலர் வரும். மைன்கிராஃப்ட் ஜாவா என்றால் 2 முதல் 4 ஜிபி ராம் வேண்டும், செலவும் கூடும்.

2. இடம். ஐரோப்பாவில் விலை குறைவு என்று போய் விடாதீர்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிசெக்கன். பிராங்பேர்ட் சுமார் 8,000. போய்வர 80. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகளும் உண்டு, ஆகவே நிஜத்தில் இதை விடக் கூடும். ஒரு பிள்ளை கல்லை உடைக்கும், கல் யோசித்து யோசித்து உடையும். சிங்கப்பூர் அல்லது இந்தியாவில் உள்ள சேவரை எடுங்கள்.

3. லினக்ஸ். நான் டெபியன் போட்டேன். திரையில் படம் எதுவும் வராது, எழுத்து மட்டும்தான். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக வேண்டும். பாஸ்வேர்ட்டை நிறுத்தி விட்டு சாவிக் கோப்பு மூலம் மட்டும் உள்ளே போகும்படி செய்யுங்கள். சேவர் திறந்த முதல் இரவே யார் யாரோ பாஸ்வேர்ட் ஊகித்துக் கதவைத் தட்டிக் கொண்டிருந்ததை லொக்கில் பார்த்தேன். கேமை ரூட்டில் ஓட்டாதீர்கள், அதற்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்குங்கள்.

4. ஃபயர்வோல். இரண்டு கதவு மட்டும் திறந்தால் போதும். எஸ்எஸ்எச்சுக்கு 22, கேமுக்கு 30000. இந்த 30000 யூடிபி. நான் டிசிபி என்று போட்டு விட்டு ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்தேன். சேவர் ஓடுகிறது, லொக்கில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளைகள் மட்டும் "சேர், உள்ளுக்குப் போகேலாமக் கிடக்கு" என்று மெசேஜ் அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். இன்னொன்று, 22ஐத் திறந்த பிறகுதான் ஃபயர்வோலை இயக்க வேண்டும். மாறிச் செய்தால் நீங்களே வெளியில் நிற்பீர்கள்.

5. சேவர் தானாக ஓட வேண்டும். முதல் நாள் லப்டொப்பில் கொமாண்ட் அடித்து ஓட விட்டேன். லப்டொப்பை மூடினேன், சேவரும் நின்று விட்டது. அது என் இணைப்போடு கட்டப்பட்டிருந்தது. சிஸ்டம்டியில் ஒரு சேவையாகப் பதிந்து விட்டால் நீங்கள் இல்லாவிட்டாலும் ஓடும், சேவர் ரீஸ்டார்ட் ஆனாலும் தானே எழும்பும். இப்போது குறிகட்டுவானில் போட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனிலேயே எல்லாம் பார்த்து விடுவேன்.

6. பிள்ளைகளின் பாதுகாப்பு. பொதுப் பட்டியலில் சேவரைக் காட்டாதீர்கள். வெறும் பாஸ்வேர்ட்டை அனுமதிக்காதீர்கள். ஒருவர் கட்டியதை மற்றவர் உடைக்காமல் காக்க மொட் இருக்கிறது, போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு சேவர் தானாக நிற்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். "கேம் விளையாடிப் பிள்ளை கெட்டுப் போகும்" என்று வந்த பெற்றோர், இந்த ஒன்பது மணியைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்கள்.

இவ்வளவும் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். நான் எழுத வந்ததே ஏழாவதைப் பற்றித்தான்.

பிள்ளைகள் ஊரையே கட்டினார்கள். முருகைக்கல் வேலிகள், பெருக்கு மரம், வெட்டையில் குதிரைகள், குமுதினிப் படகு. யாழ்ப்பாணத்தில் இருந்த பிள்ளைகள் இரவில் வந்து தங்கள் வளவை அடையாளம் பார்த்துக் கட்டினார்கள். தரம் 10 பிள்ளை ஒருத்தி, இறந்து போன அப்பம்மாவின் வீட்டைக் கட்டினாள். நிஜத்தில் அந்த வீட்டுக்கு இப்போது கூரை இல்லை. இவள் கூரையும் போட்டு, திண்ணையும் வைத்து, கிணற்றடியில் ஒரு விளக்கும் வைத்திருந்தாள்.

என் வங்கி அட்டை காலாவதியானது. புது அட்டை வந்தது, அதை சேவர் கணக்கில் மாற்ற மறந்து விட்டேன். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள் நான் திறக்காத ஒரு பழைய முகவரியில் குவிந்து கிடந்தன. தவணை முடிய சேவரை நிறுத்தினார்கள், பிறகு அழித்தும் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதி வைத்த நிபந்தனைப்படிதான் செய்தார்கள்.

பதறவில்லை. ஒவ்வொரு கிழமையும் உலகக் கோப்பை லப்டொப்புக்குப் பிரதி எடுத்து வைத்திருந்தேன்தானே. கடைசிப் பிரதியைத் திறந்தேன். திறக்கவில்லை, கோப்பு சிதைந்து விட்டது என்று சொன்னது. அதற்கு முந்தியதும் அப்படியே. லுவாண்டி முழு உலகத்தையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் எழுதுகிறது. சேவர் எழுதிக் கொண்டிருக்கும்போதே அதைப் பிரதி எடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு வரலாம். நான் ஒவ்வொரு கிழமையும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது திறந்து பார்க்கவில்லை. ஆறு கிழமைக்கு முந்திய ஒரு பிரதி மட்டும் திறந்தது.

அதில் அப்பம்மாவின் வீடு இல்லை. வெறும் புல்வெளி.

"சேர், அப்பம்மான்ர வீடு எங்க?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. நான் பிழை விட்டேன் என்று சொன்னேன். தலையாட்டி விட்டுப் போனாள். பிறகு ஒரு மாதம் சேவர் பக்கமே வரவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெரு ஆட்கள். 1990 ஒக்டோபர் 30 வெளிக்கிடச் சொன்னபோது கிடைத்தது இரண்டு மணித்தியாலம். எனக்கு ஆறு வயது. உம்மா எங்களைப் பிடித்துக் கொண்டு வந்தார், அல்பத்தை விட்டு வந்து விட்டார். மூத்தம்மாவின் ஒரே படம் அதில் இருந்தது. புத்தளத்தில் முகாமில் இருந்த காலம் முழுக்க வீட்டைப் பற்றிக் கதைத்ததை விட அந்தப் படத்தைப் பற்றித்தான் உம்மா கதைத்தார். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அங்கே பறித்தார்கள், இங்கே நான் கவனயீனமாக இருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தலையாட்டிய விதம் எனக்கு உம்மாவை ஞாபகப்படுத்தியது. அன்று இஷாவுக்குப் பிறகு வெகு நேரம் நித்திரை வரவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு இடைவேளையில் வந்தாள். வீட்டைத் திரும்பக் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "சேர், பெக்கப் எப்படி எடுக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ. நான் எடுக்கிறன்" என்றாள்.

ஆகவே ஏழாவது இதுதான். பிரதி எடுக்க முன் சேவரை நிறுத்துங்கள், எடுங்கள், திரும்ப ஓட விடுங்கள். ஒன்பது மணிக்கு நிற்கும்போதே எடுத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நிறுத்த முடியாவிட்டால் எஸ்கியூலைட்டிலேயே அதற்கென்று உள்ள பெக்கப் கொமாண்டைப் பாவியுங்கள். ஒரு பிரதி லப்டொப்பில், ஒரு பிரதி பாடசாலையில். மிக முக்கியமானது, எடுத்ததைத் திறந்து பாருங்கள். கிழமைக்கு ஒரு தடவை பாடசாலைப் பெட்டியில் அந்தப் பிரதியைப் போட்டு, ஒரு பிள்ளை உள்ளே போய் ஊரைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். துறை இருக்கிறதா, மரம் இருக்கிறதா, எல்லா வீடும் இருக்கிறதா என்று. கட்டணத் திகதியும் மின்னஞ்சல் முகவரியும் இரண்டு பெரியவர்களிடமாவது இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறாள். போகும்போது ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, கோப்பின் அளவு, திறந்ததா இல்லையா என்று நிரல் போட்டு எழுதியதை தரம் 9 பெடியன் ஒருவனிடம் கொடுத்து விட்டுப் போயிருக்கிறாள். அவன் ஒரு கிழமையும் தவறவிடவில்லை. அப்பம்மாவின் வீட்டை அவள் இன்னும் திரும்பக் கட்டவில்லை. அந்த வளவில் வேறு யாரும் கட்டாமல் காவல் போட்டு வைத்திருக்கிறாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

கொமாண்ட்கள் வேண்டிய ஆசிரியர்கள் கமெண்டில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் நோன்புக்கு முன் எழுதி அனுப்புகிறேன். பாவிக்காத பழைய லப்டொப் யாரிடமாவது இருந்தால் எறிந்து விடாதீர்கள், குறிகட்டுவான் வரை கொண்டு வந்து தந்தால் போதும். மிச்சத்தைப் போட்டில் நான் கொண்டு போகிறேன்.