பில்லிங் மலையில் பறந்த கதை

கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றங்களின் கூரைகளுக்கு மேலே, நண்பகல் வேளையிற் பருந்துகள் வட்டமிடுவதை வாசகர்கள் பலர் கண்டிருப்பர். கீழே சட்டத்தரணிகளும் வழக்காளிகளும் வியர்வை சிந்த அலைந்து திரிகையில், மேலே அப்பறவை சிறகை ஒருமுறையேனும் அடியாது உயர்ந்துகொண்டே போகும். வெயிலிற் காய்ந்த கூரையும் தார் வீதியும் தம் மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகின்றது. பருந்து அதன்மீது ஏறிக்கொள்கின்றது. அதே காற்றின் துணைகொண்டு, இயந்திரம் எதுவுமின்றி, துணியாலான சிறகொன்றின் கீழ் மனிதரும் இன்று பறக்கின்றனர். அச்சிறகுக்குப் பாராகிளைடர் என்று பெயர். அதற்கு இந்தியாவிலே பெரும் பெயர் பெற்ற தலம் இமாசலப் பிரதேசத்துப் பில்லிங் மலை. ஒக்டோபர் மாதமொன்றில் நாம் குடும்பத்துடன் அங்கு சென்றிருந்தோம்.

டில்லியிலிருந்து ஓர் இரவு முழுவதும் பஸ்ஸிற் குலுங்கிச் சென்றால், விடியும்போது மலையடிவாரத்துப் பீர் என்னும் சிற்றூரை அணுகலாம். தேயிலைச் செடிகளைக் கண்டதும் நுவரெலியாவுக்கே வந்துவிட்டோமோ என்று மயங்கினோம். ஆனால் தேயிலைக்குப் பின்னால் தௌலதார் மலைத்தொடர் பனி மூடி நிற்பதைக் கண்டபோது அம்மயக்கம் தெளிந்தது. 1960களில் வந்து குடியேறிய திபெத்திய மக்களின் மடாலயங்கள் ஊரெங்கும் உள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஜீப்பில் ஏறினால் பில்லிங். அதன் உயரம் சுமார் 2,400 மீற்றர்; நமது பிதுருதலாகல மலைக்கு அதிகம் குறைந்ததன்று. 2015 இல் உலகக் கிண்ணப் போட்டியொன்று இங்கேதான் நடந்தது.

இக்கலை மிகப் பழையதன்று. 1978 இல் பிரான்சு தேசத்து மியூசி என்னும் மலையூரிற் பாரசூட் வீரர் சிலர், விமானத்துக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, மலைச்சரிவிலிருந்தே ஓடிப் பறந்து பார்த்தனர். சிக்கனம் பிறப்பித்த கலை என்றாற் பிழையில்லை! சிறகிலே எலும்பு எதுவும் இல்லை. முன்புறத்து வாய்களினூடே காற்றுப் புகுந்து அறைகளை நிரப்புவதனாலேயே அது சிறகின் வடிவம் பெறுகின்றது. காற்று குழம்பினால் ஒரு பக்கம் மடிந்து சுருங்கவும் கூடும். அதற்காகவே பறப்பவர் தம்முடன் மற்றொரு சிறு பாரசூட்டையும் கொண்டு செல்கின்றார்.

பில்லிங் உச்சியிலே ஒரு புற்சரிவு. அதன் ஓரங்களிற் கட்டிய துணிநாடாக்களையே அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். காற்று பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கி நேராக வீசுதல் வேண்டும். எதிர்ப்புறத்திலிருந்து மலையைக் கடந்து வருமாயின், பாறையைத் தாண்டிய ஆற்றுநீர் சுழிப்பது போல அது சுழிக்கும். அச்சுழியில் அகப்பட்ட சிறகு தப்புவது அரிது. காற்றின் வேகமும் முக்கியம். சாதாரணச் சிறகு மணிக்கு 35 முதல் 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. எதிர்க்காற்று அவ்வளவுக்கு வலுத்துவிட்டால் முன்னேற வழியின்றி, பின்னோக்கியே தள்ளப்பட நேரிடும்.

நாம் சென்ற அன்று பிற்பகல் நாடாக்கள் நன்றாகவே ஆடின. எம்முடன் வந்த மருமகன் தலைக்கவசமும் அணிந்துவிட்டான். ஆயினும் அவனை அழைத்துச் செல்லவிருந்த விமானி தௌலதார்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த வெண்மேகத்தைச் சிறிது நேரம் நோக்கியபின், சிறகைச் சுருட்டத் தொடங்கினார்.

"கீழே வெயில் நன்றாக அடிக்கின்றதே?" என்றான் மருமகன்.

"மேகம் கீழேயா இருக்கின்றது, தம்பி?" என்றார் அவர்.

கட்டணம் செலுத்திய வேறு சிலர் முணுமுணுத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நாமும் வாய் திறவாது ஜீப்பில் ஏறினோம்.

அம்மேகத்துக்கு அவர் அஞ்சியது வீணன்று. 2007 பெப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்னுமிடத்திற் பயிற்சியில் ஈடுபட்டிருந்த ஜேர்மன் வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் ஒன்று உள்ளிழுத்து 9,946 மீற்றர் உயரத்துக்குக் கொண்டு சென்றது. எவரெஸ்ட் சிகரமே 8,849 மீற்றர்தான்! உடலெங்கும் பனி உறைய, நினைவிழந்த நிலையில் அவர் நெடுநேரம் மிதந்து, பின்னர் விழித்து உயிருடன் இறங்கினார். அதே மேகத்தில் அகப்பட்ட சீன வீரர் ஒருவர் மாண்டார். இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர் என்பதை மறத்தலாகாது.

பில்லிங்கிலும் விபத்துகள் நிகழாமலில்லை. தனித்துப் பறந்து பின்புறத்துப் பனிமலைகளுக்குள் சென்ற அயல்நாட்டு அனுபவசாலிகள் சிலர் மீளவில்லை. 2024 ஒக்டோபரில் இரு சிறகுகள் வானிலே மோதிக்கொண்டதில் பெல்ஜிய நாட்டவர் ஒருவர் இறந்தார். இதைத் தடுக்கவே வானத்திலும் வீதி ஒழுங்கு உண்டு. எதிரெதிரே வருகையில் மலையைத் தம் வலப்புறம் கொண்டவருக்கே வழி. மேலெழும் காற்றில் முதலில் எவர் எத்திசையிற் சுற்றுகின்றாரோ, பின் வருவோர் அனைவரும் அத்திசையிலேயே சுற்றுதல் வேண்டும். மழைக்காலமாகிய ஜூலை 15 முதல் செப்டெம்பர் 15 வரை மாநில அரசு பறப்பதையே தடை செய்துள்ளது. பறக்க விரும்பும் மாணவர்கள், அழைத்துச் செல்பவரிடம் சுற்றுலாத் துறையின் உரிமத்தைக் கேட்டுப் பார்க்கக் கூசவேண்டியதில்லை. கணுக்காலை மூடும் சப்பாத்தும் குளிருடையும் அவசியம்.

மறுநாட் காலை வானம் துப்புரவாக இருந்தது. அதே விமானி வந்தார். மருமகனின் தொடைப் பட்டிகளை இழுத்துப் பார்த்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து மீண்டும் இழுத்துப் பார்த்தார். அப்பட்டியைப் பூட்ட மறந்தே அனுபவமுள்ளோரும் விழுந்திருக்கின்றனராம். "ஓடுங்கள், நிலம் காலை விட்டு நீங்கும்வரை உட்காராதீர்கள்" என்பதே அவர் சொன்ன ஒரே பாடம். சிறகு தலைக்குமேல் எழுந்தது. இருவரும் ஏழெட்டு அடி ஓடினர். அதன்பின் சரிவிலே புல் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தது.

அசையாத காற்றில் அவ்வுயரத்திலிருந்து பீர் வந்திறங்கப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடமே பிடிக்கும். அவர்கள் அரைமணி நேரம் மேலே இருந்தனர். மலைமுகப்பில் வெயில் விழுந்த இடமெல்லாம் தேடித் தேடிச் சுற்றினராம். ஓரிடத்திற் கழுகு ஒன்று அவர்களுக்குச் சற்று மேலே வட்டமிட, விமானியும் அதன் கீழே சிறகைத் திருப்பினாராம். நாம் ஜீப்பில் இறங்கித் திடலை அடைந்தபோது மருமகன் புல்லில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். விமானியோ சிறகை மடித்து முதுகிலேற்றி, எம்மிடம் விடைபெற்று, மலையேறும் அடுத்த ஜீப்பைத் தேடி விரைந்தார்.