தலை சுத்துதா? கொண்டை ஊசி வளைவுகளும் கொடைக்கானலின் பெயர் கிடைக்காத நோயும்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நாலு பேருக்கு ஒருவர் கையிலாவது எலுமிச்சம்பழம் இருக்கும். புளிப்பு மிட்டாய், இஞ்சி மரப்பா, பிளாஸ்டிக் கவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னேற்பாடு. காட்ரோடு பிரிவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கி, நாலைந்து வளைவு போனதுமே பின் சீட்டிலிருந்து குரல் வரும். "ஏம்ப்பா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடேன். தலையைச் சுத்திக்கிட்டு வருது!"

டம்டம் பாறையில் வண்டி நின்றால் பாதிப் பேர் தலையாறு அருவியைப் பார்ப்பதற்காக இறங்குவார்கள். மீதிப் பேர் இறங்குவது மூச்சு வாங்க. எலி வால் போல நீண்டு விழும் அந்த அருவி தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. ஆனால் தலை சுற்றும்போது அருவி ஒன்றா இரண்டா என்றுகூட யாருக்குத் தெரியும்?

இந்தத் தலைசுற்றலுக்குக் காரணம் பித்தமும் இல்லை, காலையில் சாப்பிட்ட பொங்கலும் இல்லை. காதுக்குள்தான் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் திரவம் ஒவ்வொரு வளைவிலும் ஆடி, 'நீ திரும்புகிறாய்' என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையில் இருக்கும் செல்போனையோ பார்த்துக்கொண்டு, 'நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறது. இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால் மூளை குழம்பிப் போகிறது. அதனால்தான் ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவருக்குத் தலை சுற்றுவதில்லை. பக்கத்தில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வரும் தம்பிக்குச் சுற்றுகிறது. போனை உள்ளே வைத்துவிட்டு, முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதித் தொல்லை குறையும்.

"உயரமான இடம், அதான் ஆக்சிஜன் இல்லை" என்று பஸ்ஸில் யாராவது ஒரு பெரியவர் விளக்கம் சொல்வார். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். ஆகவே கொடைக்கானலின் காற்றைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் இந்த ஊர் பிறந்ததே அந்தக் காற்றுக்காகத்தான். மதுரையில் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் மேலே ஏறி வந்து இரண்டு பங்களா கட்டினார்கள். ஊர் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஏரியும் 1872-ல் அமைந்த கோக்கர்ஸ் வாக்கும் அதற்குப் பின்னால் வந்தவை. உடம்பு தேறுவதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஊர் இது.

அந்த ஊரில்தான், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் நிற்காத தலைசுற்றலோடு சிலர் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

செயின்ட் மேரிஸ் ரோடு

ஏரிக்கரையின் கூட்டத்தையும் சாக்லேட் கடைகளையும் விட்டு விலகி, செயின்ட் மேரிஸ் ரோட்டில் போனால் சத்தம் குறைந்துவிடும். ஒரு பக்கம் பாம்பார் சோலை. மரமெல்லாம் பாசி படர்ந்து, பகலிலேயே இருட்டு கட்டி நிற்கும் பழைய காடு. இங்கே இறங்கும் தண்ணீர் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, கீழே சமவெளிக்குப் போகிறது. அந்தச் சோலைக்கு மேலே, மேட்டில்தான் தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த ஃபேக்டரியை மூடி, இயந்திரங்களைக் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தது சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். 1984-ல் உற்பத்தி தொடங்கியது. 1987-ல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இங்கே செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. சீசன் முடிந்தால் வேலை இல்லாமல் போகும் ஒரு மலை ஊரில் பெரிய கம்பெனியில் மாதச் சம்பளம் என்றால் சும்மாவா? வீட்டில் ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தால் அது குடும்பத்துக்கே கௌரவம்.

பாதரசம் பார்க்க அழகான பொருள். தண்ணீரைப் போல 13 மடங்குக்கும் மேல் கனம். கையில் வைத்தால் உருண்டு ஓடும். விழுங்கினால்கூட அந்தத் திரவம் பெரும்பாலும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். ஆபத்து அதன் ஆவியில்தான். சாதாரண அறை வெப்பத்திலேயே அது கண்ணுக்குத் தெரியாமல், வாசனையில்லாமல் ஆவியாகிறது. சுவாசித்த ஆவியில் ஏறக்குறைய 80 சதவிகிதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது.

இதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழநி மூலவர் சிலையைப் போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது ஐதீகம். ரசத்தை எப்படிக் கட்டுவது, எப்படிச் சுத்தி செய்வது என்று சித்த மருத்துவம் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பாதரசம் விளையாட்டுப் பொருள் இல்லை என்பது இந்த மண்ணுக்குப் புதிய சேதி அல்ல.

"சத்து மாத்திரை சாப்பிடுங்க"

ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்ன தொந்தரவுகளின் பட்டியல் இது: தலைவலி, தலைசுற்றல், கை நடுக்கம், ஞாபக மறதி, ஈறில் ரத்தம், தோலில் தடிப்பு, சிறுநீரகக் கோளாறு. பெண்கள் கருச்சிதைவைப் பற்றியும் சொன்னார்கள். பாதுகாப்புக் கருவிகள் போதுமான அளவில் தரப்படவில்லை என்பதும் அவர்கள் குற்றச்சாட்டு.

இந்தப் பட்டியலைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஈறில் ரத்தம் என்றால் பல் டாக்டர். தடிப்பு என்றால் தோல் டாக்டர். தலை சுற்றுகிறது என்றால்? அங்கேதான் சிக்கல். தமிழில் 'மயக்கமா வருது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சுவரும் கூரையும் சுழல்வதும் மயக்கம், எழுந்தவுடன் கண் இருட்டுவதும் மயக்கம், நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளுவதும் மயக்கம். டாக்டருக்கு இவை மூன்றும் மூன்று வேறு வாசல்கள். படுக்கையில் புரண்டால் சில நொடிகள் மட்டும் உலகம் சுழன்றால், உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையை முறையாகத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடும். காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து வந்தால் அது வேறு. எழுந்து நிற்கும்போது மட்டும் என்றால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, சாப்பிடும் மாத்திரை என்று பார்க்க வேண்டும். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை காலில் பலம் போனாலோ யோசிக்கவே வேண்டாம், 108-தான்.

கொடைக்கானலுக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பைக் கொளுத்தி வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கும் முதல் அறிகுறி தலைவலியும் கிறுகிறுப்பும்தான். அப்படித் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்களின் செய்தி இந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது.

இத்தனை வாசலிலும் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் திறக்காமல் திரும்புகிறவருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு சத்து மாத்திரையும் "டென்ஷன் ஆகாதீங்க" என்ற வார்த்தையும். தலைசுற்றலோடு வாழ்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருப்பார். காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை. 'வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாரோ' என்று வீட்டிலேயே சந்தேகம் வரும். மலை ஊரில் இது இன்னும் கொடுமை. வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றமோ இறக்கமோதான். படிக்கட்டில் கால் தடுமாறினால் பிடிக்க ஆள் வேண்டும்.

இத்தாலி டாக்டர் ராமஸ்ஸினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற டாக்டர்களுக்கு அதில் சொன்னார். முந்நூறு வருஷம் கழித்தும் நம் ஊர் ஓ.பி.யில் சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்கும் வேகத்தில் இந்தக் கேள்வி விட்டுப்போகிறது.

மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை

கொடைக்கானலில் இந்தக் கேள்வியை எழுப்பியது டாக்டர் இல்லை, ஒரு காயலான் கடை. 2001 மார்ச் 7-ம் தேதி, ஊரின் நெரிசலான மூஞ்சிக்கல் பகுதியில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டு வந்தார்கள். போராட்டக்காரர்கள் கணக்கில் 7.4 டன். அதே மாதம் ஃபேக்டரி மூடப்பட்டது. பழைய கண்ணாடியை அப்படி விற்றது தன் விதிமுறைகளுக்கு மாறானது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. கழிவு வந்த ஊருக்கே திரும்பியது அபூர்வமான வெற்றி. அதே ஆண்டு, அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தினர், ஃபேக்டரியைச் சுற்றியுள்ள பாசியிலும் மரப்பட்டைப் படர்வுகளிலும் பாதரசம் சேர்ந்திருப்பதை ஆய்வில் காட்டினார்கள்.

மரத்தில் இருந்தது தெரிந்துவிட்டது. மனிதர்களிடம்?

இங்கேதான் விஷயம் கையை விட்டு நழுவியது. சுவாசித்துச் சேர்ந்த பாதரசத்தில் பாதி, சுமார் இரண்டு மாதத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அடுத்த இரண்டு மாதத்தில் மீதியில் பாதி. வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆனவரின் சிறுநீரைச் சோதித்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்றுதான் வரும். பாதரசம் போய்விட்டது, அது ஏதாவது செய்துவிட்டுப் போயிருந்தால் அதைக் காட்ட அந்தச் சோதனையால் முடியாது. எரிந்து முடிந்த வீட்டில் நெருப்பு இருக்கிறதா என்று தேடுவது போலத்தான்.

முன்னாள் ஊழியர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007-ல், ஊழியர்களின் இப்போதைய உடல்நிலைக்கும் பழைய பாதரசத் தொடர்புக்கும் முடிச்சுப் போடப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு 2011-ல் அதற்கு நேர்மாறாக, ஊழியர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றது. தன் ஃபேக்டரி வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. ஒரே ஆட்கள், ஒரே தலைசுற்றல். காகிதத்தில் மட்டும் இரண்டு பதில்.

அப்புறம் வந்தது பாட்டு. 2015 ஜூலை 30-ம் தேதி, சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் வீடியோ யூடியூபில் வெளியாகி, உலகம் முழுக்கப் பல லட்சம் பேரைப் பார்க்க வைத்தது. மனுக்களும் ஆய்வறிக்கைகளும் பதினைந்து வருஷமாகச் செய்யாததை மூன்று நிமிஷப் பாட்டு செய்தது என்பதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? 2016 மார்ச்சில் 591 முன்னாள் ஊழியர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கருணைத் தொகை என்பது நிறுவனத்தின் விளக்கம். பணம் வந்தது. 'உங்களுக்கு இருந்தது இந்த நோய்தான்' என்ற ஒரு வரி மட்டும் அந்த உடன்பாட்டில் கிடைக்கவில்லை.

மண்ணைச் சுத்தம் செய்யும் விஷயத்திலும் சண்டை ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று இங்கே வைக்கப்பட்ட அளவு, சோலைக்கு மேலே இருக்கும் ஒரு மலைச்சரிவுக்கு மிக அதிகம் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள்.

ஒரு விஷயம், கொடைக்கானலுக்குப் போகாதவர்களுக்கும். வீட்டில் இன்னும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருக்கிறதா? அதில் சுமார் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். கீழே விழுந்து உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், வேக்வம் கிளீனர் போடாதீர்கள்; இரண்டுமே அதைப் பொடிப் பொடியாக்கி அறை முழுக்கப் பரப்பும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம்.

சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் மேகம் விலகினால், கீழே பெரியகுளம் பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்கள், "யம்மா, தலை சுத்துது" என்று சிரித்தபடி பின்வாங்குவார்கள். மறுநாள் காலை இறங்கும் பஸ்ஸில் அவர்களுக்கு இன்னும் ஒருமுறை சுற்றும். வத்தலக்குண்டில் ஒரு டீ குடித்தால் நின்றுவிடும்.