சட்டித் தயிரும் ஒரு சமன்பாடும்

கதிரவெளி என்ற பெயரை உலகத் தமிழரில் பலர் 2006 நவம்பர் 8ஆம் திகதிக்குப் பின்னரே அறிந்தனர். அன்று விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. 40இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்பே அக்கரையோரத்தை அறிந்த என் போன்றோருக்கு வாகரைப் பக்கத்து எருமைத் தயிரும் நினைவில் உண்டு. இன்று எழுத விழைவது அத்தயிருக்குள் இருக்கும் கணிதத்தைப் பற்றி.

நன்கு உறைந்த சட்டித் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது. அகப்பையால் கலக்கினால் இளகி ஓடும். நீரோ எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் தன் பிசுக்குமையை, அதாவது பாகுத்தன்மையை, மாற்றிக்கொள்வதில்லை. 1687இல் நியூட்டன் வகுத்த விதி நீர் போன்றவற்றுக்கே பொருந்தும். தயிர், குருதி, வண்ணப்பூச்சு, வாவிச் சேறு ஆகியவை அதற்கு அடங்காதவை. அவற்றுக்கு வேறு சமன்பாடுகள் தேவை.

இத்துறையில் பேர்பெற்ற தமிழர் ஒருவர் உண்டு: கும்பகோணம் ரமாமணி ராஜகோபால். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் பட்டம் பெற்று, 1978இல் மினசோட்டாவில் முனைவரானவர். பின்னர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அக்காலத்தில் ஒரு சர்ச்சை நிலவியது. சில பல்பகுதியத் திரவங்களை ஆய்வுகூடத்தில் அளந்தவர்கள், 'இரண்டாந்தரப் பாயி' என்ற மாதிரியில் அளவீடுகளைப் பொருத்தி, அதிலுள்ள ஒரு குணகம் எதிர்க்குறி உடையது என்றனர். வெப்பவியக்கவியல் விதிகளின்படி அது எதிர்க்குறி பெறலாகாது என்று 1974இல் டன், பொஸ்டிக் இருவரும் நிறுவினர். 1979இல் பொஸ்டிக்கும் ராஜகோபாலும் மேலும் ஒரு படி சென்றனர். அக்குணகம் எதிர்க்குறியானால், அசையாதிருக்கும் பாயியில் எழும் சிறு சலனமும் தணியாமல் பெருகிச் செல்லக்கூடும் என்று காட்டினர். சும்மா வைத்தால் சும்மா இருக்க மாட்டாத தயிரை எவர் கண்டார்? அளவீடு பிழை என்பதல்ல முடிவு. அத்திரவங்களை அந்த மாதிரிக்குள் அடக்கியதே பிழை.

இதில் எமது தொழிலுக்கும் ஒரு பாடம் உண்டு என்று கருதுகிறேன். போர்க்காலத்தில் இலக்கங்கள் நிறைந்த அறிக்கைகள் நாள்தோறும் எமது மேசைக்கு வந்தன. இலக்கம் சரியா என்று பார்ப்பது செய்தியாளனின் முதற்கடமை. அதை எந்தச் சட்டகத்துக்குள் வைத்து விளக்குகிறார்கள் என்று கேட்பது அதைவிடப் பெரிய கடமை. தஞ்சம் புகுந்தோரைக் கணக்கில் கொள்ளாத விளக்கம், இலக்கம் எத்தனை துல்லியமானாலும், உண்மையாகாது.

கணிதத்தில் வேலை இன்னும் முடியவில்லை. வேகமாகக் கலக்கும்போது கெட்டியாகும் பாயிகள் பலவற்றுக்குத் தீர்வு உண்டு, அது ஒன்றே என்று நிறுவும் வழியை ரஷ்யக் கணிதமேதை ஓல்கா லடிசென்ஸ்காயா 1960களில் திறந்துவைத்தார். தயிர்போல இளகுபவற்றின் முப்பரிமாண ஓட்டத்தில் கடினமான வினாக்கள் எஞ்சியுள்ளன. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கணிதம் பயிலும் வாகரைப் பிள்ளை ஒருவர் அவற்றில் ஒன்றைக் கையிலெடுத்தால், கதிரவெளிக்கு உலகம் அறிய இன்னொரு காரணமும் கிட்டும்.