கேஸ் கட்டு போகும் ஊர்

சட்டக் கல்லூரி என்றால் ஆலத்தியூர்ப் பக்கத்தில் எல்லோரும் திருச்சியைத்தான் சொல்வார்கள். 1979இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. அரியலூர், பெரம்பலூர் நீதிமன்றங்களில் நாம் அறிந்த மூத்த வழக்கறிஞர்கள் பலரும் அங்கே பயின்றவர்களே. சனிக்கிழமை ரயிலேறினால் வீட்டுச் சோறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

யோசிக்க இருக்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் அதன்கீழ்ச் சென்றன. அன்றைய பெரம்பலூர் மாவட்டம் செல்லவில்லை. 2007இல் அதிலிருந்து மறுபடி பிரிந்த அரியலூரும் சென்னையோடே நின்றுவிட்டது. திருமானூரில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். அக்கரைக்காரரின் மேல்முறையீடு மதுரைக்குப் போகிறது, இக்கரைக்காரருடையது சென்னைக்கு. ஆக, திருச்சியில் படிப்பவருக்கு வாய்க்கும் நட்பும் சீனியரும் பெரும்பாலும் மதுரையை நோக்கியவை. நம் மாவட்டத்துக் கேஸ் கட்டோ வடக்கே போகிறது. இளம் வக்கீலுக்கு நட்பைவிடப் பெரிய முதல் வேறென்ன?

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற ஆலத்தியூர் மாணவி ஒருத்திக்காகவே இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்க நேர்ந்தது. அவள் தந்தை லாரி மோதி ஒரு காலை இழந்தவர். அரியலூரில் இழப்பீடு தீர்ப்பாயிற்று. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. கட்டு சென்னைக்குப் போய் ஆண்டுகள் ஆகின்றன; முகமறியாத ஒரு வக்கீலின் தொலைபேசி எண்தான் தாயிடம் மிஞ்சியிருக்கிறது. படித்து முடித்து அரியலூரிலேயே தொழில் செய்வேன் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

தொழிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆலத்தியூர், தளவாய், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம் என்று சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், ஓயாத லாரிகள். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரிக்கென 1990களில் எடுத்த நிலங்களின் இழப்பீட்டு வழக்குகளே ஒரு தலைமுறை வக்கீல்களுக்குச் சோறு போட்டன. திட்டம் மட்டும் வரவில்லை. இவற்றின் சாட்சியமெல்லாம் தமிழில்தான். பழைய கிரயப் பத்திரத்தின் சக்குபந்தியைப் பிழையறப் படித்துப் பொருள் சொல்லத் தமிழ் படித்தவளுக்கு வரும். (தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்ட உறவினர்கள் கவனிக்க.) உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம், அது வேறு பாடு.

திருச்சிக்கருகே 2013 முதல் நடக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சிலர் சொன்னார்கள். அங்கே படிப்பவர்களின் கண் மும்பை, தில்லி நிறுவனங்கள்மீது. செந்துறைக்கு யார் திரும்புவார்? சென்னைக் கல்லூரியோ 2018இல் உயர் நீதிமன்றத்தின் அண்டையை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்து போய்விட்டது. நகரத்தில் ஜூனியராக இருந்து பிழைப்பதும் எளிதன்று. மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள், கிராமப்புறத்தில் 15,000 கொடுங்கள் என்று இந்திய வழக்கறிஞர் கழகம் 2024இல் சொன்னது, பரிந்துரைதான், கட்டாயமில்லை.

நாம் விழுப்புரத்தைச் சொன்னோம். 2017இல் வந்த இளங் கல்லூரி. பெயர் சொல்லும் பழைய மாணவர் கூட்டம் இல்லை. எனினும் அரியலூரிலிருந்து ஒரே ரயில் பாதை. கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பிள்ளைகள் உடன் படிப்பார்கள். அவர்கள் ஊர்க் கட்டும் சென்னைக்கே போகிறது. நாளை இவள் அரியலூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மேல்முறையீட்டை நம்பி ஒப்படைக்க அங்கே ஒரு தோழி இருப்பாள். உடன் பணியாற்றும் நண்பர் இதை ஒப்பவில்லை. கல்லூரியை அதன் ஆசிரியர்களைப் பார்த்துத் தேர வேண்டும், ரயில் பாதையைப் பார்த்தல்ல என்றார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சரியான பேச்சு.

அவள் முதலில் விழுப்புரத்தையும் அடுத்துத் திருச்சியையும் குறித்தாள். தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்க படிச்சா இவ அப்பா கேஸ் கட்ட இவளே பாக்கலாமாங்க ஐயா?"

மூன்றாண்டு படித்து, பதிவு செய்து, அகில இந்தியத் தேர்வும் எழுதித் தேறினால் பார்க்கலாம் என்றோம். அதற்குள் வழக்கு முடிந்துவிடும் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.