யார் குற்றம்?

பொம்மசந்திராவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழுவிலுள்ள நண்பர் சிரித்தார். "அங்கே என்ன இருக்கிறது? தொழிற்சாலைகளும் தூசியும்தானே!" என்றார். அவர் சொன்னது முழுப் பொய் அன்று. ஓசூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், வேலை முறை மாறும் வேளையில் நின்று பார்த்தால், ஊரே சீருடை அணிந்துகொண்டு நடப்பது போலத் தோன்றும். ஆயினும் என் படிப்பில் நான் மறக்க முடியாத ஒரு பாடம் அங்கேதான் கிடைத்தது. கற்பித்தவர் பேராசிரியர் அல்லர். எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து இயற்பியல் முதுகலை படிக்கிறேன். விடுதிச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்க மனம் வரவில்லை. ஆகவே சனி, ஞாயிறுகளில் பொம்மசந்திராவில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் கடை அது. முன்பு இரண்டு பஸ் மாறிப் போவேன். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

கம்பி இழுப்பதும் ஸ்பீக்கர் மாட்டுவதும் மற்றவர்கள் வேலை. ரிமோட்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. "எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ரிமோட் பொத்தான் அழுத்துகிறாயா?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்காக அந்த வேலையைச் சற்று விளக்குகிறேன்.

ஒரு வீட்டில் டி.வி. ஒன்று, ஒலியைப் பெருக்கிப் பிரித்தளிக்கும் ஆம்ப் ஒன்று, செட்டாப் பெட்டி ஒன்று, தட்டு ஓட்டும் கருவி ஒன்று. நான்குக்கும் நான்கு ரிமோட்டுகள். எல்லாவற்றின் குறிகளையும் ஒரே ரிமோட்டில் பதித்து, ஒரே பொத்தானை அழுத்தினால் எல்லாம் வரிசையாக நடக்கும்படி செய்ய வேண்டும். டி.வி. எழ வேண்டும், ஆம்ப் எழ வேண்டும், இரண்டும் உரிய வழிக்குத் திரும்ப வேண்டும், இறுதியில் ஒலி எந்த முறையில் வர வேண்டுமோ அந்த முறையில் நிற்க வேண்டும். முன்னால் மூன்று, பக்கத்தில் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று என ஆறு ஸ்பீக்கர்கள் இருக்கும். இரண்டில் மட்டும் பாடுவதா, ஆறிலும் பிரிந்து ஒலிப்பதா, பெரிய அரங்கில் இருப்பது போல எதிரொலி சேர்ப்பதா என்று முறைகள் பல.

இந்தக் குறிகளை எடுத்துச் செல்வது அகச்சிவப்புக் கதிர். ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அது சும்மா எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அறையில் வெயில் உண்டு, விளக்கு உண்டு. அவற்றிலும் அகச்சிவப்பு உண்டு. அத்தனைக்கும் நடுவே தனக்குரிய துடிப்பை மட்டும் கருவி இனங்கண்டுகொள்கிறது. பொம்மசந்திரா பஸ் நிறுத்தத்தில் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்த இரைச்சலில் யாரோ ஒருவர் "ஏப்பா!" என்று அழைத்தால் நம் தலை தானே திரும்புகிறதல்லவா? அப்படித்தான்.

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு தமிழர் வீட்டில் இப்படி ஒரு ரிமோட் அமைத்தேன். வீட்டுக்காரர் அருகிலுள்ள தொழிற்சாலையில் உயர்ந்த பதவியில் இருப்பவர். எதிரொலி சேர்க்கும் அரங்க முறை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆகவே பொத்தானை அழுத்தியதும் அந்த முறையிலேயே வந்து நிற்கும்படி செய்தேன். அவருடைய தாயார் ஒரு மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "சாப்பிட்டாயா?" என்றார். காப்பி வந்தது. மகனுக்கு ரிமோட்டை விளக்கினேன். அவர் இரண்டு முறை அழுத்திப் பார்த்து மகிழ்ந்தார். பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியாக இருந்து டி.வி. பார்க்கப் போகிறவர் அந்த மூதாட்டிதான் என்பது தெரிந்தும், அவர் கையில் அதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரத்தில் புகார் வந்தது. படம் வருகிறது, ஒலி இல்லை. அல்லது ஒலி வருகிறது, படம் இல்லை. போய்ப் பார்த்தேன். நான் அழுத்தியபோது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வீட்டுக்காரர் பொறுமை இழந்திருந்தார். "அம்மா ஏதாவது செய்துவிடுகிறார் போலும்" என்றார். நானும், "பெரியவர்கள் தெரியாமல் எதையாவது அழுத்திவிடுவார்கள் சார்" என்றேன். கருவியில் பழுதில்லை, பயன்படுத்தியவர் பிழை என்று சீட்டில் எழுதி, வந்து பார்த்த கூலி 500 ரூபாயும் வாங்கிக்கொண்டேன். அடுக்களை வாசலில் பாட்டி நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று காப்பியும் வந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்த்து வாங்க முடியவில்லை.

மறுமாதம் வேறொரு கம்பி வேலைக்காக அதே வீட்டுக்குப் போக நேர்ந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தார். டி.வி. அணைந்து கிடந்தது. "படம் பார்ப்பதில்லையா பாட்டி?" என்றேன்.

"நான் அதைத் தொடுவதே இல்லை தம்பி. கெட்டுப்போனால் அவனுக்குக் கோபம் வருகிறது. அதுவும் ஞாயந்தானே, எத்தனை பணம் போட்டிருக்கிறான்!"

என் நெஞ்சில் சுருக்கென்றது. "ஒரு முறை எனக்காக அழுத்திக் காட்டுங்கள்" என்று வற்புறுத்தினேன். அவர் ரிமோட்டை எடுத்து, டி.வி.யை நோக்கி நீட்டி, சரியான பொத்தானைச் சரியாகவே அழுத்தினார். அழுத்தியவுடன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். என் பிழை பட்டப்பகல் போல விளங்கிவிட்டது.

அந்த ஒரு பொத்தானுக்குள் ஐந்து கட்டளைகள். ஆம்ப் விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காக இடையிடையே நான் இடைவெளி வைத்திருந்தேன். எல்லாம் முடிய ஏழு நொடி ஆகும். அதுவரை ரிமோட்டைக் கருவிக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும், நான் பிடித்திருப்பேன். பாட்டியின் கை இறங்கியதும் மீதிக் கதிர்கள் அவர் புடவையில் பட்டு வீணாயின. டி.வி. எழுந்தது, ஆம்ப் எழவில்லை. மீண்டும் அழுத்தினால் இன்னும் மோசம். நான் பதித்திருந்த மின்விசைக் குறி, அணைந்திருந்தால் எழுப்பும், எரிந்தால் அணைக்கும். ஆகவே மறுமுறை கையை நீட்டியே வைத்திருந்தாலும் டி.வி. அணைந்து, ஆம்ப் மட்டும் எழும்.

அதோடு முடியவில்லை. நான் எல்லாவற்றையும் இயக்கி ‘பாசமலர்’ படத்தை ஓடவிட்டேன். "பேச்சுப் புரியவில்லை தம்பி, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது" என்றார். 1961-இல் வந்த அந்தப் படத்தின் ஒலி ஒரே தடத்தில் பதிவானது. அதை எடுத்து அரங்க எதிரொலியில் முக்கினால் வேறென்ன ஆகும்? முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. பேச்சில் உயிரெழுத்துகள் உரத்து நிற்கும். க, ச, த, ப முதலிய வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்மையோ பெரிதும் அந்த உயர் பகுதியில் இருக்கிறது. அவை போனால் குரல் கேட்கும், சொல் விளங்காது. எதிரொலி மிஞ்சியிருந்ததையும் மூடிவிட்டது.

அன்றிரவு விடுதியில் ரிமோட்டின் வரலாற்றைப் படித்தேன். 1950-இல் அமெரிக்காவில் செனித் நிறுவனம் டி.வி.யோடு கம்பியால் இணைத்த ரிமோட்டை விற்றது. கம்பியில் மக்கள் கால் தடுக்கி விழுந்தார்கள். பார்த்து நடங்கள் என்று சொல்லி முடித்துவிடவில்லை. 1955-இல் யூஜீன் பாலி ஒளியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். வெயில் பட்டுக்கூட டி.வி. தானே இயங்கத் தொடங்கியது. சன்னலை மூடுங்கள் என்பதோடு நிற்கவில்லை. 1956-இல் ராபர்ட் ஆட்லர் என்ற இயற்பியலார் அலுமினியத் தண்டுகளைத் தட்டிக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்கு மின்கலமும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் மாறியது கருவிதான். நானோ இயற்பியல் படித்தவன்; என் கருவி தவறியபோது மாற்றச் சொன்னது ஒரு மூதாட்டியின் கையை!

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரர் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். "உங்கள் தாயார் மேல் எந்தத் தவறும் இல்லை சார். தவறு என்னுடையது" என்று பாட்டி கேட்கும்படி சொன்னேன். 500 ரூபாயை என் கூலியிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அவர் முதலில் வாங்க மறுத்தார். பிறகு ஏதோ நினைத்தவராக வாங்கிக்கொண்டு தாயாரைப் பார்த்தார். ரேடியோ அலையில் கட்டளை பெறும் சிறு பெட்டி ஒன்றைக் கருவிகளின் அருகில் வைத்தோம். கடைக்காரர் அதைப் பாதி விலைக்குத் தந்தார். பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எங்கே வைத்துக்கொண்டாலும், மீதி வேலையை அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எழுப்புவதற்கு ஒரு குறி, அணைப்பதற்கு வேறு குறி என்று பிரித்துப் பதித்தேன். பழைய படங்களுக்கென்று தனிப் பொத்தான்: எதிரொலி கிடையாது, ஒலி முழுவதும் நடு ஸ்பீக்கரில், அதுவும் 3 டெசிபெல் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஆற்றலில். அதன்மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்று.

பாட்டி அழுத்தினார். கையை மடியில் வைத்துக்கொண்டார். ஏழு நொடி. பேச்சு தெளிவாக வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று திரும்பும்போது ரயிலில் என் அம்மாவை நினைத்தேன். கைப்பேசியில் படம் அனுப்புவது எப்படி என்று நான்காம் முறை கேட்டதற்கு, "எத்தனை தடவை சொல்வது!" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அதன் பிறகு அம்மா கேட்பதில்லை. படமும் அனுப்புவதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை கருவிகளைச் செய்யப் போகிறவர்கள். அவை நம் கையில் ஒழுங்காக இயங்குவது பெரிதன்று. அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் அவை இயங்குகின்றனவா என்று போய்ப் பாருங்கள். இயங்கவில்லையென்றால், குற்றம் யாருடையது என்று சீட்டில் எழுதுமுன் சற்று யோசியுங்கள்.

நான் வருகிற விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி அழுத்துகிறார் என்று முதலில் பார்க்கப் போகிறேன்.