தழும்பின் விலை

ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை மறுமுறை அந்நோய் அண்டாது என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும் அதற்குக் காரணம் தேடியவர் மிகச் சிலரே. கி.பி. 925ஐ ஒட்டி மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ அச்சிலருள் தலையாயவர். 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் தம் நூலில், குழந்தையின் இரத்தத்தைப் புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றுக்கு அவர் ஒப்பிட்டார். சாறு ஒருமுறை பொங்கி நுரைத்து அடங்குவது போல் இரத்தமும் பொங்குகிறது, அப்பொங்குதலே அம்மை, அடங்கிய சாறு மீண்டும் பொங்குவதில்லை என்பது அவர் கொள்கை. காரணம் பிழையானது, ஆனால் அவர் கண்ட காட்சி பிழையன்று.

2021ஆம் ஆண்டில் சுந்தரபாண்டியபுரத்துத் தேநீர்க் கடைகளில் நாம் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்றுண்டு. "கொரோனா வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அல்லாஹ் கொடுத்த சக்தி உடம்பில் இருக்கையில் ஊசி எதற்கு?" இப்பேச்சை அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. இதில் பாதி மெய். அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிருமி உட்புகுந்தால் உடலின் வெள்ளணுக்கள் அதன் உருவத்தைக் கற்றுக்கொள்கின்றன. அதற்கேற்ற எதிர்ப்பொருளை வார்க்கின்றன. போர் முடிந்தபின் அவற்றுள் சில நினைவணுக்களாய் நிலைத்து, பகைவன் மீண்டும் வந்தால் விரைந்து எழுகின்றன. தடுப்பூசி செய்வதும் இதுவே. கோவேக்சினில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. கோவிஷீல்டில் இருப்பது, நோய் செய்ய இயலாத வேறொரு கிருமியின் வழியே அனுப்பப்படும் பகைவனின் அடையாளம். ஊசி உடலுக்கு அந்நியமான வலிமை எதையும் ஊட்டுவதில்லை. செய்தியை மட்டுமே கொண்டு சேர்க்கிறது. படிப்பதும் போரிடுவதும் அல்லாஹ் கொடுத்த அதே சக்திதான்.

மத்ரஸாவில் ஓதிக்கொடுத்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. திருமறையை மனனம் செய்த பிள்ளை பழைய பாடத்தைத் திரும்ப ஓதாதிருந்தால் ஆயத்துகள் நழுவும். மீண்டும் ஒருமுறை ஓதக் கேட்டால் நழுவியது விரைவில் திரும்பும். இரண்டாம் தவணை ஊசியும் அதன் பின்னர் வந்த ஊக்க ஊசியும் அத்தகைய மறு ஓதலே. நோய் கண்டு தேறியவர் பின்னர் ஊசியும் போட்டுக்கொண்டால் அவருடைய காப்பு இரண்டில் ஒன்றை மட்டும் பெற்றவரினும் வலிதாயிருந்தது என்பதையும் ஆய்வுகள் காட்டின.

இயற்கை தருவதே எப்போதும் மேலானது என்பாரும் உளர். மணல்வாரி என்னும் தட்டம்மை கண்டவர்க்கு வாழ்நாள் காப்பு உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்நோய், உடல் முன்பு கற்றிருந்த வேறு நோய்களின் நினைவையும் அழித்துவிடுகிறது; அதனால் தேறிய குழந்தை பிற நோய்களுக்கு எளிதில் இரையாகிறது. தட்டம்மைத் தடுப்பூசி அவ்வாறு அழிப்பதில்லை. வில்வாத ஜன்னியோ இன்னும் விந்தை. அதன் நஞ்சு, உடல் பாடம் கற்பதற்கு வேண்டிய அளவினும் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். ஆகவே அந்நோயிலிருந்து பிழைத்தவருக்கும் காப்பு உண்டாவதில்லை. அவரும் ஊசி போட்டுக்கொள்ளவே வேண்டும். வயலில் துருப்பிடித்த ஆணியை மிதித்த உழவருக்கு இயற்கைக் காப்பு என்று ஒன்று கிடையாது.

இனி விலையைப் பார்ப்போம். பெரியம்மை தானே தரும் காப்பைப் பெற, நூற்றில் ஏறத்தாழ 30 பேர் உயிரைக் கொடுத்தனர். பலர் கண்ணையும் இழந்தனர். துருக்கியில் நோயாளியின் பொக்குளத்திலிருந்து சிறிது எடுத்து நலமுள்ளவர் தோலில் கீறி வைக்கும் வழக்கம் இருந்தது. 1717இல் அங்குச் சென்ற ஆங்கிலப் பெருமாட்டி மேரி மான்டகு அதைக் கண்டு, தம் மகனுக்கும் செய்வித்தார். அம்முறையில் இறந்தவர் நூற்றுக்கு ஓரிருவர். 1796இல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு அவ்விலையை மேலும் குறைத்தார். நம் நாட்டில் அம்மைப்பால் ஆக்குவதற்கென்றே கிண்டியில் 1899இல் கிங் நிலையம் தோன்றியது. விலையே இல்லாத மருந்து உண்டென்று நாம் கூறவில்லை. கோவிஷீல்டினால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்தது உண்மை. அதை மறைப்பவர் ஊசிக்கு நன்மை செய்பவர் அல்லர்.

2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் எடுத்த இரத்தக் கணக்கில், நூற்றுக்கு 67.6 பேரிடம் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. அதில் பெரும்பகுதி நோயே தந்தது. 'பார்த்தீர்களா!' என்றனர் சிலர். அக்கணக்கில் இரத்தம் கொடுத்தோர் அனைவரும் உயிரோடிருந்தோர் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

நம்முடன் ஒரே உஸ்தாதிடம் ஓதிய தோழர் ஒருவர் கடையநல்லூரில் இருந்தார். ஏப்ரலில் ரமலான் பிறந்தது. ஊசியால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலரும் அறிவித்திருந்தனர். அவரும் அதை அறிந்தவரே. ஆயினும் பேணுதலைக் கருதி, "பெருநாள் கழியட்டும் மௌலவி" என்றார். பெருநாளைக்கு நான்கு நாள் முன்னர் அடக்கம் நடந்தது. ஜனாஸாத் தொழுகையில் நின்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர் மக்களில் இருவருக்கு அதே காய்ச்சல் வந்து தேறியது; அவர்கள் எதிர்ப்பொருள் பெற்றவர்கள்.

அவர் விதி அவ்வளவுதான் என்று அன்று பலர் ஆறுதல் கூறினர். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதறிந்து ஸர்க் என்னுமிடத்திலிருந்து படையுடன் திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் விடை. அவ்வரலாற்றை எங்கள் தோழர் எத்தனையோ மாணவர்க்குப் பாடமாக நடத்தியவர்.

சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரராயிருந்த அலீ மாவ் மாலின், ஊசி வலிக்கும் என்றஞ்சி அம்மை குத்திக்கொள்ளாதிருந்தார். 1977 அக்டோபரில் அவருக்குப் பெரியம்மை கண்டது. உலகில் இயற்கையாய் அந்நோய் பற்றிய கடைசி மனிதர் அவரே. பிழைத்தெழுந்து இயற்கைக் காப்பும் பெற்றார். ஆயினும், பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து கொடுக்கும் பணியில் ஊர் ஊராகச் சென்று, தயங்கிய தாய்மாரிடம் தம் கதையைச் சொல்லிவந்தார். 2013இல் அப்பணியில் இருக்கும்போதே மலேரியாக் காய்ச்சலில் காலமானார். மலேரியாவுக்கெனப் பரவலாகப் போடத்தக்க தடுப்பூசி அப்போது வந்திருக்கவில்லை.